சாணும் முழமும்

இசிப்பிங்கோவில் ஆறு கடலைத் தொடும் இடத்தில்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
அளவுகோலைச் சேற்றில் ஊன்றுகிறேன்.
நான் வங்கி.
அதாவது, வங்கி அனுப்பிய ஆள்.
எங்களுக்குக் கிளை இல்லை, ஏடிஎம் இல்லை,
வாசலில் வரிசை இல்லை.
ஊர்களுக்கே கடன் கொடுக்கிற, அரசாங்கத்தின் வங்கி.
ஜோகன்னஸ்பர்கில் ஆறாவது மாடி.
அங்கிருந்து பார்த்தால் ஆறு
வரைபடத்தில் ஒரு நீலக்கோடு.

சாக்ரன் மூட்லி தன் கார்ப்பட்டறைச் சுவரைக் காட்டுகிறார்.
மூன்று கோடுகள். மூன்று கார்களில் மிஞ்சிய பெயிண்ட்.
முதல் வெள்ளம் முட்டிக்கு.
இரண்டாவது இடுப்புக்கு.
மூன்றாவதைத் தொட அவர் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது.
'இன்ஷூரன்ஸ்காரன் ஒரே வரியில் கடிதம் போட்டான், மேடம்.
தனியார் வங்கிக்காரன் அந்த ஒரு வரியும் போடவில்லை.
இந்தத் தெருவுக்கே சிவப்பு அடித்துவிட்டானாம்.'
அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர்
பழமொழிக்கு மட்டும் தமிழுக்கு வந்தார்:
'தலைக்கு மேல போன வெள்ளம்,
சாண் என்ன, முழம் என்ன?'

படிவத்தைப் பார்த்தேன்.
பதினான்காம் கேள்வி சாணைத்தான் கேட்கிறது.
கரையை ஒரு சாண் உயர்த்த ஒரு தொகை,
ஒரு முழம் உயர்த்த இன்னொரு தொகை.
இரண்டுக்கும் நடுவில் அறுபது மில்லியன் ராண்ட்,
நூற்றுச் சொச்சம் வீடுகள்,
ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளம்,
நகராட்சிப் பொறியாளர் நொம்தாண்டாஸோ ம்கீஸே
தூங்காத ஏப்ரல்கள்.
பழமொழி சொன்னவருக்கு
இப்படி ஒரு உத்தியோகம் இருந்திருக்காது.

பதினைந்தாம் கேள்வி:
கடனை அடைக்க வருமானம் எங்கிருந்து வரும்?
கரைக்கு டிக்கெட் விற்க முடியாது.
வராத வெள்ளத்துக்கு ரசீது கிடையாது.
'முழுகாமல் இருப்பதே வருமானம்' என்று எழுதி
அடித்துவிட்டேன். கமிட்டிக்கு இது கவிதை.
நகராட்சி வரி, இருபத்தைந்து வருடம்,
முதல் ஐந்து வருடம் அசல் வேண்டாம்
என்று எழுதினேன்.
அத்தனை காலம் காத்திருக்க
வேறு எந்தப் பணத்துக்கும் பொறுமை இல்லை.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
என் அலமாரியில் இன்னொரு கோப்பு இருக்கிறது,
நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பே கையெழுத்தானது.
உள்நாட்டில், புல்வெளி நடுவே, ஒரு நிலக்கரி மின்நிலையம்.
அட்டை பழுத்துவிட்டது; முத்திரை அதே முத்திரை.
தவணை இன்னும் வருகிறது, ஒரு நாள் பிசகாமல்.
எங்களிடம் அதைவிட நாணயமான கடனாளி இல்லை.
என் சம்பளத்தில் அந்தப் புகை இருக்கிறது.
இந்தக் கரைக்கு வரப்போகும் முதல் மூட்டை சிமெண்டிலும்.

ம்கீஸேயிடம் சொன்னேன்.
அவள் குழாய் வரைபடத்திலிருந்து தலை நிமிரவில்லை.
'அந்தக் கரண்டில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன்,' என்றாள்.
'வருத்தப்படுவதை வண்டியில் போகும்போது வைத்துக்கொள்.
பள்ளிக்கூடப் பக்கம் இன்னும் அளக்கவில்லை.'

அளந்து முடிக்க மூன்று மணி ஆனது.
கால் கழுவ சாக்ரன் ஒரு பக்கெட் தண்ணீர் கொடுத்தார்.
'சாண் என்றால்,' கேட்டார்,
'அடுத்த தடவை எனக்கு எதுவரைக்கும் வரும்?'
மார்புக்கு, என்றேன்.
'முழம் என்றால்?'
வாசலோடு நிற்கலாம். நிற்கலாம் என்றுதான் சொல்ல முடியும்.

அவர் விரல்களை விரித்து
பெருவிரலைத் தொப்புளுக்கு மேல் வைத்து
சுண்டுவிரல் எங்கே முடிகிறது என்று பார்த்தார்.
கிரீஸ் ஏறிய பெரிய கை.
பிறகு அந்தக் கையாலேயே
ஒரு காரின் பானெட்டை மூடினார்.

முழம் என்று எழுதினேன்.
கமிட்டி கூடுவது வியாழக்கிழமை.
அதற்குள் மேகம் கூடாமல் இருக்க வேண்டும்.